ஸ்கேனரில் விமான நிலைய, அவசரச் சேவை உரையாடல்களைக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல அதிர்வெண்களை மாறி மாறித் தேடிக் கேட்கும் வானொலிக் கருவியான ஸ்கேனரைப் புதிதாக வாங்கிய மூன்று பேர் அதைப் பழகுவதை, அண்மையில் அடுத்தடுத்து அருகிலிருந்து பார்க்க நேர்ந்தது. 20 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை, ஏறக்குறைய அதே வரிசையில், அவர்களும் செய்தார்கள். மின்கலம் தீர்ந்துபோவது, ஆண்டெனாவைச் சரியாக முறுக்காமல் விடுவது, எண்ணை மாற்றி அழுத்துவது போன்றவை ஓரிரு நாளில் தாமாகத் திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. பணத்தையும் மாதக்கணக்கான உழைப்பையும் விழுங்கிய பிறகும் வெளியே தெரியாமல் இருக்கும் பிழைகளைப் பற்றியே எழுதுகிறேன்.

என்ன ஒலிக்கிறது என்று பார்க்கும் முன்பே கருவியை வாங்குவது

விமானப் போக்குவரத்து இதில் எளிமையானது. உலகெங்கும் பயணிகள் விமானங்களின் குரல் உரையாடல் பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், ஏஎம் பண்பேற்றத்தில்தான் (குரலை அலையின் மேல் ஏற்றும் ஒரு முறை) நடக்கிறது. அந்தப் பட்டை உள்ள எந்தச் சாதாரண ஸ்கேனரும் அதைக் கேட்கும். காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் சேவைகளின் நிலை அப்படியல்ல. ஒரு பகுதியில் பழைய அனலாக் முறை இருக்கும். இன்னொன்றில் பி25, டிஎம்ஆர், டெட்ரா போன்ற டிஜிட்டல் முறைகளில் ஒன்று இருக்கும். பலரும் சில அதிர்வெண்களைப் பகிர்ந்துகொள்ளும் டிரங்கிங் முறை என்றால், ஒரே உரையாடலில் கேள்வி ஓர் அதிர்வெண்ணிலும் பதில் வேறோர் அதிர்வெண்ணிலும் வரலாம். எந்த உரையாடல் எந்த அதிர்வெண்ணில் என்று சொல்லும் கட்டுப்பாட்டு அலைவரிசையைப் படித்துப் பின்தொடரத் தெரியாத ஸ்கேனருக்கு அது துண்டு துண்டாகவே கேட்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே மறையாக்கம் இருக்கிறது. அந்த மூவரில் ஒருவரிடம், விற்றவர் “டிஜிட்டல் எல்லாமே இதில் கேட்கும்” என்று சொல்லியிருக்கிறார். டிஜிட்டல் என்பது குரலை அனுப்பும் முறை. மறையாக்கம் என்பது அந்தக் குரலின் மேல் போடப்படும் பூட்டு. பூட்டிய உரையாடலை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கேனராலும் திறக்க முடியாது. அவர் கேட்க விரும்பிய சேவை முழுவதும் பூட்டப்பட்டிருந்தது. அங்கே என்ன முறை இயங்குகிறது என்று அந்தப் பகுதியில் ஏற்கெனவே கேட்டுவருபவர் ஒருவரிடம் வாங்குவதற்கு முன் விசாரித்திருந்தால், அந்தச் செலவில் பத்தில் ஒரு பங்கில் நல்ல விமானப் பட்டை ஸ்கேனர் ஒன்றை அவர் வாங்கியிருக்கலாம்.

சட்டத்தைப் படிக்காமல் இருப்பது

பிரிட்டனில் உங்களுக்கென அனுப்பப்படாத செய்தியை அனுமதியின்றிக் கேட்பது 2006 ஆம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டப்படி குற்றம். விமான உரையாடலும் அதில் அடங்கும். அமெரிக்காவில் மறையாக்கம் இல்லாத விமான, காவல் உரையாடல்களைக் கேட்கப் பொதுவாகத் தடையில்லை; ஆனால் சில மாநிலங்கள் வாகனத்தில் ஸ்கேனர் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. நீங்கள் வாழும் நாட்டின் விதியைப் பணம் கொடுப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

மங்கலாகக் கேட்கிறது என்று பெருக்கியை மாட்டுவது

இதை மட்டும் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்பும், புதிதாக ஒருவர் பெருக்கி வாங்கியிருப்பதாகச் சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. சிக்னல் மங்கலாக இருக்கிறது, ஆகவே அதைப் பெருக்க வேண்டும் என்ற எண்ணம் நியாயமாகத்தான் தோன்றும், எனக்கும் தோன்றியது. மாடியில் ஆண்டெனா, அங்கிருந்து மேசை வரை 20 மீட்டர் மெல்லிய ஆர்ஜி-58 கேபிள், அதன் கீழ் முனையில் 20 டெசிபல் (வலிமையை நூறு மடங்காக்கும்) பெருக்கி, அதற்குப் பிறகு ஸ்கேனர் என்று அமைத்தேன். அன்றிரவு கருவி ஓயாமல் பேசியது. அதுவரை அமைதியாக இருந்த அதிர்வெண்களில் எல்லாம் ஒலி எழுந்தது. மகிழ்ச்சியோடு ஒவ்வொன்றையும் நோட்டில் நேரத்துடன் குறித்துக்கொண்டேன். 119 மெகாஹெர்ட்ஸில் கரகரத்த இசையும் இடையிடையே அறிவிப்பாளர் குரலும் கேட்டபோதுகூட, யாரோ தவறாக அங்கே ஒலிபரப்புகிறார்கள் என்றுதான் எழுதினேன்.

உண்மையில் அந்த அதிர்வெண்ணில் வெளியே எந்த ஒலிபரப்பும் இல்லை. அது என் ஸ்கேனருக்குள்ளேயே பிறந்தது. விமானப் பட்டைக்குச் சற்றுக் கீழே, 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை, எஃப்எம் நிலையங்கள் கிலோவாட் கணக்கில் ஒலிபரப்புகின்றன; விமானத்திலுள்ள வானொலியோ சில பத்து வாட்டுகளுக்குள் அடங்கிவிடும். பெருக்கிக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வருவதை எல்லாம் பெருக்கி உள்ளே தள்ளும். தாங்க முடியாத வலிமையில் இரண்டு நிலையங்கள் ஒன்றாக நுழையும்போது, ஸ்கேனரின் முன்பகுதிச் சுற்று அவற்றைக் கலந்து மூன்றாவது ஒன்றை உண்டாக்கிவிடுகிறது. 106.5 ஐ இரட்டித்து 94.0 ஐக் கழித்தால் 119.0 கிடைக்கும். நான் கேட்ட இசை அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். நோட்டில் நான்கு மாதங்களாகச் சேர்ந்திருந்த பதிவுகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட போலிகள். அந்தப் பட்டியலை நண்பர் ஒருவருக்கும் கொடுத்திருந்தேன். அவர் அதை அப்படியே தம் கருவியில் ஏற்றிவைத்திருந்தார் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

பிழையைக் கண்டுபிடித்தவர் வீட்டுக்கு வந்த மூத்த ஹாம் வானொலிக்காரர் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்) ஒருவர். இசையைச் சில நொடிகள் கேட்டார். பிறகு ஸ்கேனரின் பக்கவாட்டில் நான் ஒருமுறைகூடத் தொடாத அட்டென்யுவேட்டர் பொத்தானை அழுத்தினார். சிக்னலைக் குறைப்பதற்கென்றே உள்ள பொத்தான் அது. இசை அந்த நொடியே நின்றது. அடுத்து அவர் எண்ணைக் கோபுர அலைவரிசைக்கு மாற்ற, இரைச்சலுக்கடியில் அதுவரை முனகலாகவே கேட்டிருந்த கட்டுப்பாட்டாளர் குரல், ஓடுபாதை எண்ணும் காற்றின் திசையும் தெளிவாகப் புரியும்படி வந்தது. நான் பெருக்கி வாங்கக் காரணமான அந்த மங்கலே, வலிமையான நிலையங்கள் கருவியைத் திணறவைத்ததால் வந்ததுதான். அந்தத் திணறலைத்தான் பணம் கொடுத்துப் பல மடங்கு கூட்டியிருந்தேன்.

அந்தப் பொத்தானையே சோதனையாகப் பயன்படுத்தலாம். உள்ளே வரும் சிக்னலை 10 டெசிபல் குறைத்தால் உண்மையான சிக்னல் 10 டெசிபல்தான் குறையும். நான் சொன்ன வகைக் கலப்பில் பிறந்த போலி சிக்னலோ 30 டெசிபல் குறையும். ஆகவே அழுத்தியதும் சற்றே தணிவது பெரும்பாலும் உண்மை. அடியோடு மறைவது பெரும்பாலும் போலி. புதிய அதிர்வெண் எதையும் இந்தச் சோதனைக்குப் பிறகுதான் இப்போது நோட்டில் எழுதுகிறேன்.

கேபிளையும் கணக்கில் கொள்ள வேண்டும். 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் விமானப் பட்டையில் சிக்னலின் பாதியையும், 450 மெகாஹெர்ட்ஸ் அளவில் முக்கால் பங்குக்கு மேலும் தின்றுவிடும். வழியில் இழந்ததைக் கீழ் முனையில் வைத்த பெருக்கியால் மீட்க முடியாது. மிஞ்சியதோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் அது பெருக்கும். முதலில் தடித்த, இழப்புக் குறைந்த கேபிள். அடுத்து எஃப்எம் பட்டையைத் தடுக்கும் ஃபில்டர். இவ்வளவு செய்தும் குறை இருந்தால் மட்டுமே பெருக்கி. அதையும் ஆண்டெனாவின் அடியிலேயே, ஃபில்டருக்குப் பிறகு, கேபிளின் இழப்பை ஈடுசெய்யும் அளவுக்கு மட்டும் வையுங்கள். பல விமான நிலையங்களில் ஓடுபாதையையும் வானிலையையும் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கும் ஏட்டிஸ் அறிவிப்பு இருக்கிறது. அது நிலையான இடத்திலிருந்து எப்போதும் ஒலிப்பதால், ஒவ்வொரு மாற்றத்தையும் அதைக் கேட்டே ஒப்பிடலாம்.

விமானம் கேட்கிறது, கோபுரம் கேட்கவில்லை, ஆகவே கருவி பழுது என்று முடிவெடுப்பது

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கின்றன. மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் வானொலி அடிவானம், அதாவது அலை நேர்கோட்டில் எட்டும் எல்லை, கிலோமீட்டரில் கிடைக்கும். 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அது சுமார் 412 கிலோமீட்டர். 10 மீட்டர் உயரத்தில் உள்ள உங்கள் ஆண்டெனாவுக்கு 13. 30 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு 23. கடைசி இரண்டையும் கூட்ட வேண்டும். கோபுரத்தை நீங்கள் கேட்க, இடையில் மலையோ கட்டடமோ மறைக்காத நிலையிலும், அது ஏறத்தாழ 36 கிலோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். அதற்கு அப்பால் விமானியின் பதிலை மட்டும் கேட்டு, கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பழக வேண்டியதுதான். விமானி உத்தரவைத் திருப்பிச் சொல்வது விதி என்பதால் அது கடினமும் அல்ல.

விமானப் பட்டையை எஃப்எம்மில் கேட்பது

ஏஎம்முக்கு மாற்றுங்கள்.

ஸ்குவெல்சை இறுக்கி வைப்பது

ஸ்குவெல்ச் என்பது யாரும் பேசாதபோது இரைச்சலை அடைக்கும் அமைப்பு. அதை இரைச்சல் அடங்கும் புள்ளியிலேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் திருப்பினால் தொலைவில் உள்ளவர்களின் குரலையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள்.

இருநூறு அலைவரிசைகளை ஒன்றாகச் சுழலவிடுவது

ஒரு விமானம் தரைக்கட்டுப்பாடு, கோபுரம், புறப்பாடு என்று கை மாறிச் செல்வதைத் தொடர்ந்து கேட்டால்தான் மொழி பிடிபடும். தொடக்கத்தில் மூன்று, நான்கு அலைவரிசைகள் போதும். ஒருவர் பேசி முடித்த பின் பதிலுக்காக இரண்டு நொடி காத்திருக்கும்படி கருவியை அமைத்துக்கொள்ளுங்கள்.

பாதி கேட்டதைப் பரப்புவது

ஒரு மாலை “பான் பான்” என்று மூன்று முறை அழைத்த விமானியின் குரலைக் கேட்டேன். அது அவசர நிலையை அறிவிக்கும் சொல். உடனடி உயிராபத்துக்கான “மேடே” அல்ல. ஓர் என்ஜினில் கோளாறு இருப்பதால் திரும்பி வருவதாக அவர் நிதானமாகச் சொன்னார். அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவர், விமானம் விழப்போகிறது என்று அந்த விமானத்தின் எண்ணோடு பலருக்கும் செய்தி அனுப்பிவிட்டார். அதில் பயணம் செய்தவர்களின் வீட்டார் சிலருக்கும் அது போய்ச் சேர்ந்தது. நான் தொடர்ந்து கேட்டேன். விமானம் இறங்கியது, தீயணைப்பு வண்டிகள் உடன் வர, விமானி தரைக்கட்டுப்பாட்டு அலைவரிசைக்கு மாறி, எந்த நிறுத்துமிடம் என்று வழக்கமான குரலில் கேட்டார். செய்தி அனுப்பியவரை அன்றிரவே தொலைபேசியில் அழைத்தேன். அந்தக் கடைசி உரையாடலை அவர் கேட்டிருக்கவில்லை.