சுவத்துல பூசணம் பூத்தா மொதல்ல பெயின்டரைக் கூப்பிடாதீங்க

பொள்ளாச்சிப் பக்கம் ஆடி மாசம் பீரோவை நகத்திப் பாருங்க, பின்னாடி சுவத்துல கருப்புக் கருப்பாப் பூத்திருக்கும். அதுமேலயே பெயின்ட் அடிச்சா மறுபடி உப்பி உதிரும். தண்ணி எங்கிருந்து வருதுன்னு மொதல்ல தெரியோணுமுங்க.

ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவத்துல வெச்சு, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ரெண்டு நாள் விடுங்க. தாளுக்கும் சுவத்துக்கும் நடுவுல முத்து முத்தா வேர்த்திருந்தா ஓதம் சுவத்துக்குள்ள இருக்கு. பாத்ரூம் குழாய், மொட்டை மாடி வெடிப்பு, அஸ்திவாரத்தோரம் தேங்குற தண்ணி, பெரும்பாலும் இதுல ஒண்ணுதான் காரணம். தாளோட வெளிப்பக்கம் நனைஞ்சிருந்தா ரூம் காத்துலதான் ஈரம். எங்க நங்கையா ஊட்ல வெளிப்பக்கந்தான். மழைன்னு ரூமுக்குள்ளயே கொடி கட்டித் துணி காயப்போட்டா வேற எப்படி இருக்கும்? கொடியைத் தாழ்வாரத்துக்கு மாத்தி, பீரோவை அரையடி தள்ளி வெச்சு, சமைக்கறப்ப எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாங்க. சின்ன ஈரப்பதமானி ஒண்ணு வாங்கி மாட்டுங்க. 60 சதவீதத்தைத் தாண்ட விடக்கூடாது.

காஞ்ச பூசணத்தைத் தேய்க்காதீங்க, தூள் காத்துல பறக்கும். வீசிங் இருக்கறவங்களுக்கு ஆகவே ஆகாது. மாஸ்க், கையுறை போட்டு, சோப்புத் தண்ணியில தொடைச்சு நல்லாக் காயவிடுங்க. பிளீச்சிங் தண்ணியோட டாய்லெட் ஆசிட்டைக் கலந்துராதீங்க, குளோரின் வாயு கெளம்பும், உசிருக்கே ஆபத்து.

இலவம்பஞ்சு மெத்தைக்குள்ள பூசணம் ஏறிருச்சுன்னா, அம்மிச்சி குடுத்ததா இருந்தாலும் தூக்கி எறிஞ்சிருங்க.