தேயிலை மலையில் இரையும் எதிரியும்: திட்டுகளைக் கணக்கிடும் முறை

தேயிலை இலைகளைச் சுருட்டும் புழுவையும், அதை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மக்ரோசென்ட்ரஸ் ஒட்டுண்ணிக் குளவியையும் எடுத்துக்கொண்டு, நுவரெலியாச் சரிவொன்றைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டின் அடர்த்தியையும் மாறிகளாகக் குறியுங்கள்.

இரையும் எதிரியும் ஒன்றால் ஒன்று கூடிக் குறைவதை விவரிக்கும் எளிய லொட்கா–வோல்ட்டேரா சமன்பாடுகள் இங்கே போதா. பரவலை (கட்டத்திலிருந்து கட்டத்துக்கு உயிரிகள் நகர்வதை) சேர்த்தாலும் அவை நிலையான திட்டுகளை (அடர்த்தி மிகுந்தும் குறைந்தும் நிற்கும் இடங்களை) தருவதில்லை. ஆகவே புழுவுக்கு எல்லையுள்ள வளர்ச்சியையும், குளவிக்கு நிறைவடையும் (புழு எவ்வளவு பெருகினாலும் ஓர் உச்சத்தைத் தாண்டாத) வேட்டை வீதத்தையும், நெரிசலால் கூடும் இறப்பையும் சேருங்கள். 1952இல் கணிதவியலாளர் அலன் டியூரிங் காட்டிய வழியில், பரவலின்றி உறுதியாக நிற்கும் சமநிலை பரவலால் குலையவேண்டும். அதற்குக் குளவி புழுவைவிடப் பன்மடங்கு விரைவாகப் பரவவேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை.

சமநிலையில் சிறு தற்செயல் வேறுபாடுகளைத் தூவிக் கணினியில் ஓட்டுங்கள். இப்போதைய மதிப்புகளிலிருந்தே அடுத்த நேரப்படியின் மதிப்புகளைக் கணிக்கும் எளிய முன்னோக்கு முறையில், பரவலின் விரைவைக் குறிக்கும் பரவல் குணகத்தை நேரப்படியால் பெருக்கிக் கட்டநீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது 1/4ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் தோன்றும் சதுரங்கக் கோலம் இயற்கையினுடையதன்று, கணிப்புப் பிழையே.