நேற்றுவரை சேல்ஸ்மேன், இன்று இன்சார்ஜ்: சறுக்கும் இடங்கள்

ஜவுளிக்கடையில் யாரை செக்ஷன் இன்சார்ஜ் ஆக்குவார்கள்? நன்றாக விற்பவரை. கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. விற்பது ஒரு வேலை, பத்துப் பேரை விற்க வைப்பது வேறு வேலை. பட்டு செக்ஷனில் ஒன்பது வருடம் நின்ற பிறகு, ஓர் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் என்னையும் இன்சார்ஜ் ஆக்கினார்கள். முதல் மூன்று மாதம் நான் பார்த்தது பழைய வேலையைத்தான்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பத்துக்கு இருபது புடவையாவது பிரித்துப் போட்டிருப்பார். மணப்பெண்ணின் அம்மா முந்தானையைத் தடவிக்கொண்டே, "கலர் கொஞ்சம் டல்லா இருக்கே" என்று இழுத்தார். எனக்குக் கை பரபரத்தது. "நீ தள்ளும்மா" என்று உள்ளே புகுந்தேன். புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மணப்பெண் தோளில் போட்டுக் காட்டி, ஐந்தே நிமிடத்தில் பில் போட வைத்துவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் மற்ற புடவைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். பில்லில் யாருடைய சேல்ஸ்மேன் நம்பர் ஏறியது, விற்பனைக்கான இன்சென்டிவ் யாருக்குப் போனது என்று கேட்காதீர்கள்.

அதன் பலன் தீபாவளிக்குத் தெரிந்தது. கஸ்டமர் லேசாகத் தயங்கினாலே போதும், செக்ஷனில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் ஆறு கவுன்டருக்கு நான் எங்கே ஓடுவது? அந்தக் கல்யாணப் புடவை அன்றைக்கே இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, கஸ்டமர் போனதும், "அடுத்த தடவை இவ்வளவு பிரிக்காதே. பிடிச்ச மாதிரி தெரியுற ஒண்ணை வாசல் வெளிச்சத்துல காட்டு" என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஒரு விற்பனை போயிருக்கலாம். போகட்டுமே.

கஸ்டமர் முன்னால் திட்டக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சிரித்துக்கொண்டே, "அவ புதுசும்மா, ஒண்ணும் தெரியாது, நான் காட்டறேன்" என்கிறோமே, அது திட்டுவதைவிட மோசம். அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன சொன்னாலும் அந்தக் கஸ்டமர் நம்ப மாட்டார்.

அடுத்தது, உட்காருவது. மதியம் மூன்று மணி, கடையில் ஈ ஆடவில்லை. அப்போதும் ஊழியர்களை நிற்க வைப்பதைக் கட்டுப்பாடு என்று நினைக்கும் இன்சார்ஜ்கள் இன்றும் இருக்கிறார்கள். 1947-ஆம் வருடக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழக அரசு 2021-இல் திருத்தி, ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று சேர்த்தது. கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. எங்கள் கடையிலும் ஸ்டூல்கள் வந்தன. வந்து, ஸ்டாக் ரூமில் பண்டல் அடுக்கப் பயன்பட்டன. அவற்றைக் கவுன்டருக்குப் பின்னால் போட்ட பிறகும் ஒருவரும் உட்காரவில்லை. முதலாளி கேமராவில் பார்ப்பாரே என்ற பயம். நானே போய் ஒன்றில் உட்கார்ந்தேன். அரை மணி கழித்துத்தான் ஒரு அக்கா தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். வெரிகோஸ் நரம்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். அதுவும் அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஸ்டாக் எண்ணிக்கையில் ஒரு புடவை குறைந்தால், முதலாளியிடம் உடனே ஒரு பெயரைச் சொல்லாதீர்கள். முதலில் ரேக்கைப் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் பாதி நேரம் அது வேறு ரேக்கில் மாறி மடிந்துதான் கிடந்திருக்கிறது.

கடைசியாக லீவு. சத்தமாகக் கேட்பவருக்குக் கொடுத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நிற்பவரை மறந்துவிடுவது வழக்கமாக நடப்பது. அதைவிட எரிச்சல், "நாளைக்குச் சொல்றேன்" என்ற பதில். ஊர்த் திருவிழாவுக்குப் போக வேண்டியவர் அந்த நாளைக்காகக் காத்திருந்து பஸ் டிக்கெட்டையும் விட்டுவிடுவார். கிடையாது என்றால் கேட்டபோதே சொல்லிவிடுங்கள். முறைத்துவிட்டுப் போவார், ஆனால் வீட்டுக்கு போன் போட்டு வேறு ஏற்பாடாவது செய்துகொள்வார்.