வகுப்பைப் பார்வையிடும் புதிய தலைமை ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் பக்கமானாலும் மார்த்தாண்டம் பக்கமானாலும், அரசுப் பள்ளியானாலும் உதவி பெறும் பள்ளியானாலும், புதிதாக எச்.எம். நாற்காலியில் உட்காருகிறவர்கள் வகுப்பைப் பார்வையிடுவதில் ஒரே மாதிரி இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எங்கள் காலத்தில் நாங்களும் சறுக்கிய இடங்கள். நேரத்துக்கு வாருங்கள், கோபப்படாதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்த்துவிட்டுப் பேசாமல் போவது

ஐப்பசி மழை. தகரக் கூரை. மழை பிடித்தால் முதல் பெஞ்சுக்கே குரல் கேட்காது. எட்டாம் வகுப்பு அறிவியல் டீச்சர் பலகையில் மூன்று கேள்வி எழுதிப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசி விடை எழுதச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துப் புது எச்.எம். வந்தார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். மறுநாள் பார்வைப் பதிவேடு வந்தது: 'கற்பித்தல் நடைபெறவில்லை. வகுப்பறைக் கட்டுப்பாடு தேவை.' டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதோடு பிள்ளைகளை ஜோடியாகப் பேசவிடுவதையே நிறுத்திவிட்டார். எச்.எம். வராந்தாவில் தலை காட்டினால் பூவின் பாகங்கள் சார்ட் ஆணியில் ஏறும், நடப்பது எந்தப் பாடமானாலும் சரி. யார் எழுந்து விடை சொல்ல வேண்டும் என்பதுகூடப் பிள்ளைகளுக்கு அத்துபடி. பதிவேட்டில் மாதாமாதம் 'நன்று' விழுந்தது. எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது அந்த 'நன்று'தான். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா மழைன்னு சொல்லியிருப்பேன் சார்" என்றார் டீச்சர், பிறகொரு நாள்.

அமெரிக்காவில் மயாமி-டேட் பகுதிப் பள்ளிகளில், முதல்வர்கள் நேரத்தை எதில் செலவிடுகிறார்கள் என்று கூடவே இருந்து குறித்தெடுத்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. ஆசிரியருக்குக் கற்பித்தலில் வழிகாட்டிய நேரம் கூடிய பள்ளிகளில் மாணவர் முன்னேற்றமும் கூடியிருந்தது. எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் சுற்று கூடிய பள்ளிகளிலோ முன்னேற்றம் குறைந்திருந்தது, மேல்வகுப்புப் பள்ளிகளில் இன்னும் அதிகமாக. சுற்று வந்ததால்தான் கெட்டது என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் அந்த அறிவியல் டீச்சரை அறிந்த எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? முதல் நாளே கேளுங்கள்: நாளை என்ன பாடம், நான் எதைக் கவனிக்கட்டும்? கடைசி பெஞ்சில் உட்காருங்கள். கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். 'கேள்வி கேட்கும் திறன் போதாது' என்று எழுதினால் சண்டைதான் வரும். '11.20: கேள்வி. ஒரு நொடியில் டீச்சரே விடை சொன்னார்' என்று எழுதினால் பேச விஷயம் இருக்கும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் விடைகள் நீளும் என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டிவிட்டார். அன்றைக்கே இடைவேளையில் பத்து நிமிடம் உட்காருங்கள். முதலில் அவர் பேசட்டும்.

பிள்ளைகள் முன்னால் திருத்துவது

பலகையில் சூத்திரமே தப்பாக இருந்தாலும் சாக்பீஸை வாங்காதீர்கள். ஒரு துண்டுச் சீட்டு போதும். இல்லையென்றால் மறுநாளே, "பெரிய சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க டீச்சர்" என்பான் ஒருவன்.

பாடக்குறிப்பு

வாரக் கடைசியில் மொத்தமாகப் போடும் கையெழுத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

தேர்ச்சி சதவீதத்தை வைத்து ஆளை அளப்பது

2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் கன்னியாகுமரி மாவட்டம், 91.75 சதவீதம். பெற்றோர் விவரம் தெரிந்தவர்கள், ரிசல்ட் அன்று போன் வரத்தான் செய்யும். அந்தச் சூட்டோடு ஸ்டாஃப் மீட்டிங் போட்டு ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாதீர்கள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டில் உதவிவிட்டு வந்து முதல் பாடவேளையில் தூங்கி விழும் பையன் யார் வகுப்பில் இருக்கிறான் என்று அந்தச் சதவீதம் சொல்லாது.

நேரமில்லை என்பது

பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, சத்துணவு, மேலிடத்துக் கூட்டம், எல்லாம் உண்டுதான். வாரத்துக்கு இரண்டு பாடவேளை பாருங்கள், போதும். பின்னால் பேச நேரமில்லாத நாளில் வகுப்புக்குள் போகவே வேண்டாம்.

வாட்ஸ்அப் குழு

யார் வகுப்பைப் பற்றியும் அதில் எழுதாதீர்கள்.