தூக்குப் பைகளைக் கொண்டு நீருக்கடியில் கிடக்கும் பொருளை மேலேற்றத் திட்டமிடுவது எப்படி?

கடலடியில் கிடக்கும் ஒரு நங்கூரத்தின் மேல் காற்றுப் பைகளைக் கட்டி, அவற்றில் காற்றை நிரப்பினால் அது எழும்பிவிடும். அதில் புதிர் எதுவும் இல்லை. எழும்பத் தொடங்கிய பொருள் நம் கட்டுப்பாட்டில் இருக்குமா, அல்லது நாம் ஒதுங்கி நின்று பார்க்க மட்டுமே முடியுமா என்பதைத்தான் திட்டம் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானம் கரையில், தாளின் மேல் நடக்க வேண்டும். தண்ணீருக்குள் இறங்கிய பிறகு கணக்குப் போடுவதற்கு நேரமும் இருக்காது, தெளிவும் இருக்காது.

இந்த விளக்கம் திட்டமிடும் முறையைக் கற்றுத் தருவதற்கானது. பொழுதுபோக்கு முக்குளிப்புச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு நேராகக் கடலில் இறங்கக் கூடாது. பயிற்சி பெற்ற ஒருவரின் கண்காணிப்பில், ஆழமற்ற அமைதியான நீரில், சிறிய எடைகளைத் தூக்கிப் பழகிய பிறகே பெரிய பொருளைத் தொட வேண்டும். பொருள் யாருக்குச் சொந்தம், அதை எடுக்க அனுமதி உண்டா என்பதையும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். குறைந்தது 100 ஆண்டுகளாக நீருக்கடியில் இருக்கும் மனிதத் தடயங்களைப் பண்பாட்டு மரபாகக் கருதும் யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை, அவற்றை இருக்கும் இடத்திலேயே பாதுகாப்பதை முதல் தெரிவாக முன்வைக்கிறது. பழைய கப்பல் சிதைவில் கிடக்கும் பொருள் என்றால், அதைத் தூக்காமல் விடுவதே பெரும்பாலும் சரியான முடிவு.

படி 1: நீருக்குள் அதன் எடை என்ன?

விளக்கம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: கடலில் 20 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் 500 கிலோ எஃகு நங்கூரம். (விசையையும் இங்கே கிலோவிலேயே சொல்கிறேன்; களத்தில் அப்படித்தான் பேசுகிறோம்.)

ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, பொருள் விலக்கும் நீரின் எடை அளவுக்கு அதன் எடை குறைகிறது. எஃகின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிலோ, கடல்நீரின் அடர்த்தி 1.025 கிலோ. ஆகவே நங்கூரம் ஏறத்தாழ 64 லிட்டர் நீரை விலக்கும். நீருக்குள் அதன் எடை சுமார் 435 கிலோவாக இருக்கும். எஃகு தன் எடையில் 13 விழுக்காட்டை மட்டுமே நீரில் இழக்கிறது. கான்கிரீட் 40 விழுக்காட்டுக்கும் மேல் இழக்கும். எனவே, பொருள் எதனால் ஆனது என்று தெரியாமல் எடையை ஊகிப்பது பயன் தராது.

ஒட்டியிருக்கும் சிப்பிகளையும், குழாய்களுக்குள்ளும் தொட்டிகளுக்குள்ளும் நிறைந்திருக்கும் சேற்றையும், நீங்கள் கட்டப்போகும் ஷேக்கிள்களின் (கயிற்றையும் சுமையையும் இணைக்கும் உலோக வளையங்களின்) எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே காற்றோ எரிபொருளோ அடைபட்டிருந்தால் கணக்கு எதிர்த்திசையில் மாறும். எரிபொருள் கசிந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனியாக ஓர் ஏற்பாடும் தேவைப்படும்.

படி 2: சேற்றின் பிடி

மணலிலோ பாறையிலோ கிடக்கும் பொருளுக்கு இந்தக் கவலை குறைவு. களிச்சேற்றில் புதைந்த பொருளை மேலே இழுக்கும்போது, அதன் அடியில் நீர் புகுந்து இடத்தை நிரப்பும் வரை சேறு அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: பொருள் அசையவில்லை என்று மேலும் மேலும் காற்றை நிரப்புவார்கள். சேற்றின் பிடி 200 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதை வெல்ல நிரப்பிய காற்று முழுவதும், பிடி விட்ட அந்தக் கணத்தில் 200 கிலோ மிகைவிசையாக மாறிப் பொருளை மேல்நோக்கி எறியும்.

ஆகவே சேற்றின் பிடியைக் காற்றால் வெல்லத் திட்டமிடாதீர்கள். நீர்ப்பீச்சியால் அடிச்சேற்றைக் கரைத்து விலக்குங்கள். ஒரு முனையை மட்டும் முதலில் மெல்ல உயர்த்தி, அடியில் நீர் புக வழி விடுங்கள். மிதமான இழுவிசையை வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். எந்த வழியாலும் முழுமையாக விடுவிக்க முடியாது என்று தோன்றினால், பொருளை ஒரு தடுப்புக் கயிற்றால் கடலடியில் வைத்த கனத்த எடையோடு பிணைத்து, ஒரு மீட்டருக்கு மேல் எழாதபடி செய்யுங்கள். நீருக்குள் அந்த எடை, எதிர்பார்க்கும் மிகைவிசையை விடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும்.

படி 3: எந்தப் பைகள், எத்தனை?

திட்டத்தின் இதயம் இந்தப் படி. இதை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம்.

கடலில் ஏறத்தாழ 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் 1 பார் (ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்), 10 மீட்டரில் 2 பார், 20 மீட்டரில் 3 பார். பாயில் விதிப்படி, 20 மீட்டரில் பைக்குள் இருக்கும் ஒரு லிட்டர் காற்று, இடம் கிடைத்தால், மேற்பரப்புக்கு வரும்போது மூன்று லிட்டராக விரியும். விரிந்த ஒவ்வொரு லிட்டரும் 1.025 கிலோ கூடுதல் தூக்குவிசை தரும். மேலே போகப் போக விசை கூடும். விசை கூடக் கூட வேகமும் கூடும்.

நம் நங்கூரத்துக்குத் தேவைப்படும் காற்று 435-ஐ 1.025-ஆல் வகுத்தால் கிடைக்கும் சுமார் 424 லிட்டர். கையில் 1,000 லிட்டர் பை ஒன்று இருக்கிறது, அதைப் பாதிக்கும் குறைவாக நிரப்பினால் போதுமே என்று தோன்றும். நிரப்பிப் பார்ப்போம். நங்கூரம் 10 மீட்டரை அடையும்போது காற்று 636 லிட்டராகி, மிகைவிசை 200 கிலோவைத் தாண்டிவிடும். மேற்பரப்புக்கு மூன்று மீட்டருக்கும் குறைவான தூரத்தில் பை முழுமையாக நிறைந்து, 590 கிலோ மிகைவிசையோடு நீரைப் பிளந்து வெளியேறும். அப்படி வெளியேறும் பை சரிந்து காற்றைக் கொட்டிவிடலாம். அப்போது நங்கூரம் வந்த வழியே திரும்பிக் கீழே விழும்.

இப்போது அடிப்புறம் திறந்த, பாராசூட் வடிவப் பைகளில் 200 லிட்டர் கொள்ளளவுள்ளவை இரண்டும், 50 லிட்டர் பை ஒன்றும் எடுப்போம். பெரிய இரண்டையும் நிரம்பி வழியும் வரை நிரப்பினால் 410 கிலோ கிடைக்கும். மீதமுள்ள 25 கிலோவைச் சிறிய பையைப் பாதியளவு நிரப்பிப் பெறலாம். மேலேறும்போது பெரிய பைகளில் விரியும் காற்று அடிவழியாக வழிந்து போய்விடும். அவற்றின் விசை கூடாது. சிறிய பையில் மட்டுமே விரிய இடம் இருக்கிறது, அதுவும் சுமார் 25 லிட்டர். மொத்தத் தூக்குவிசை 461 கிலோவைத் தாண்டவே முடியாது. மிகைவிசையின் உச்சம் 26 கிலோ. அதே நங்கூரம், அதே ஆழம், அதே காற்று. 590-க்கும் 26-க்கும் உள்ள வேறுபாடு பைகளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் மட்டுமே இருக்கிறது.

பைகளில் காற்று விரிய எஞ்சியிருக்கும் காலி இடம்தான் ஆபத்தின் அளவு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்புக்கு இன்னொரு நன்மையும் உண்டு: பொருள் நீங்கள் கணித்ததை விடக் கனமாக இருந்தால் அது எழும்பாது, அவ்வளவுதான். அப்போது இன்னொரு பையைத் தேடிக் கட்டாமல், மேலே வந்து முதல் படியிலிருந்து கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

முழுவதும் மூடிய பைகளில் காற்று அடிவழியாக வழியாது. அவற்றில் அழுத்தம் தணிக்கும் வால்வு இருக்க வேண்டும், அது ஒவ்வொரு முறையும் சோதிக்கப்பட வேண்டும். மேற்பரப்பில் நெடுநேரம் மிதக்க வைப்பதற்கு அவை நல்லவை. தொடக்கநிலைப் பயிற்சிக்கு, அடிப்புறம் திறந்த பைகளையே நான் பரிந்துரைப்பேன்.

படி 4: கட்டும் முறை

பொருளின் ஈர்ப்பு மையத்துக்கு மேலே, அதன் நேர்கோட்டில் இழுவிசை அமைய வேண்டும். இல்லாவிட்டால் எழும்பும்போது பொருள் புரண்டு ஸ்லிங்கிலிருந்து (சுமையைக் கட்டித் தூக்கும் பட்டையிலிருந்து) நழுவும். இரண்டு ஸ்லிங்குகளைக் கொண்டு கட்டும்போது கோணத்தைக் கவனியுங்கள்: கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் ஒவ்வொன்றும் சுமையின் 58 விழுக்காட்டைத் தாங்குகிறது, 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொன்றும் முழுச் சுமையையே தாங்க வேண்டியிருக்கும். துருப்பிடித்த பழைய வளையங்களை நம்பிக் கட்ட வேண்டாம்.

ஒவ்வொரு பையின் உச்சியிலும் காற்றை வெளியேற்றும் வால்வும், அதை இழுக்கும் கயிறும் இருக்கும். அந்தக் கயிறு எளிதில் எட்ட வேண்டும். ஆனால் யாரும் அதைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இதைத் தவிர, பையின் உச்சியிலிருந்து சுமைக்குத் தனியாக ஒரு கவிழ்ப்புக் கயிறும் கட்டுங்கள். முதன்மை ஸ்லிங் அறுந்தால் அந்தக் கயிறு பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காற்றைக் கொட்டிவிடும். கட்டற்ற பை ஒன்று படகின் அடியை நோக்கிப் பாய்வதை அது தடுக்கும்.

படி 5: காற்று

20 மீட்டரில் 424 லிட்டர் என்றால், மேற்பரப்புக் கணக்கில் அதன் மூன்று மடங்கு, சுமார் 1,270 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் உள்ள 12 லிட்டர் சிலிண்டரில் 2,400 லிட்டர் இருக்கும். வழிந்து வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு சிலிண்டர் போதும். இரண்டாவதைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இது பைகளுக்கென்றே ஒதுக்கிய சிலிண்டராக இருக்க வேண்டும். தான் சுவாசிக்கும் சிலிண்டரிலிருந்து ஒருவர் பையை நிரப்புவதை எந்தச் சூழலிலும் ஏற்க முடியாது: காற்றும் தீரும், குழாய் சிக்கினால் பையோடு அவரும் மேலே இழுக்கப்படுவார்.

படி 6: ஏற்றம்

ஒருவர் நிரப்ப வேண்டும். மற்றவர் விலகி நின்று சுமையையும் கயிறுகளையும் கவனிக்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் சைகை இருவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெரிய பைகளை முதலில் முழுமையாக நிரப்பிவிட்டு, சிறிய பையில் சிறிது சிறிதாகக் காற்றை விட்டு, ஒவ்வொரு முறையும் நிறுத்திப் பாருங்கள். நிரப்புபவர் சுமைக்குப் பக்கவாட்டில், நீரோட்டம் வரும் பக்கத்தில் நிற்க வேண்டும். பொருள் அசைந்ததும் நிரப்புவதை நிறுத்திவிட்டு விலகிவிடுங்கள். அதன் கீழேயும் மேலேயும் யாரும் இருக்கக் கூடாது. பையைப் பிடித்துக்கொண்டு அதனுடன் மேலே செல்வது நுரையீரல் சிதைவுக்கும் அழுத்தத் தளர்வு நோய்க்கும் (அழுத்தம் விரைவாகக் குறைவதால் உடலுக்குள் வாயுக் குமிழிகள் உருவாவதற்கும்) வழி. முக்குளிப்பவர்கள் தங்கள் வழக்கமான மெதுவான வேகத்தில், வேறு பக்கமாக மேலேற வேண்டும்.

கனத்த பொருளானால் ஒரே மூச்சில் மேலேற்ற வேண்டியதில்லை. 20 மீட்டர் ஆழத்தில் 17 மீட்டர் நீளக் கயிற்றைக் கட்டினால், பைகள் மேற்பரப்புக்கு அருகிலேயே இருக்கும். பொருள் சில மீட்டர் மட்டுமே எழும்பி நிற்கும். அதை அப்படியே ஆழம் குறைந்த இடத்துக்கு இழுத்துச் சென்று தரை தட்டச் செய்து, கயிற்றைக் குறைத்து, மீண்டும் தூக்கலாம். ஸ்டாக்ஹோமில் 32 மீட்டர் ஆழத்தில் கிடந்த வாசா என்ற பழைய சுவீடிஷ் போர்க்கப்பலை 1959-இல் இப்படித்தான், பைகளுக்குப் பதிலாக மிதவைக் கலங்களைக் கொண்டு, 18 கட்டங்களாகத் தூக்கித் தூக்கி ஆழம் குறைந்த இடத்துக்கு நகர்த்தினார்கள். 1961-இல்தான் அது நீருக்கு வெளியே வந்தது.

படி 7: மேற்பரப்பில்

ஏற்றம் தொடங்கும் முன் மேலே உள்ள படகு விலகி நிற்க வேண்டும். பைகள் மேலே தெரிந்ததும் நேராக அவற்றை நோக்கி ஓட்டாதீர்கள். அவை நிலைத்து மிதக்கின்றனவா என்று பார்த்த பிறகு, பிடிகயிற்றைச் சுமையோடு இணைத்த முனையிலிருந்து படகுக்கு எடுங்கள். டைட்டானிக் கப்பலின் பெரிய உடற்பகுதி ஒன்றை 1996-இல் டீசல் நிரப்பிய பைகளால் தூக்கியபோது, மேற்பரப்பை நெருங்கிய நிலையில் கொந்தளிப்பில் கயிறுகள் அறுந்து அது மீண்டும் மூழ்கியது, 1998-இல்தான் மீட்கப்பட்டது. ஆகவே கரை சேரும் வரை சுமைக்குக் கீழே யாரையும் அனுப்பக் கூடாது.

நங்கூரம் நீரைவிட்டு வெளியேறும் கணத்தில் அதன் எடை 435-இலிருந்து 500 கிலோவுக்குத் திரும்பிவிடும். நீர் நிறைந்த உட்குழிவுகள் உள்ள பொருளானால், அந்த நீரின் எடையும் சேரும். பைகள் அந்த வேலைக்கானவை அல்ல. பொருளை நீருக்குள்ளேயே வைத்து இழுத்து வந்து, முழு எடையையும் தாங்கும் கிரேனின் கொக்கியில் மாட்டி, சுமை முழுவதும் கிரேனுக்கு மாறிய பிறகே பைகளின் காற்றைத் திறந்துவிடுங்கள்.