நம் ஒய்பி எந்தப் பக்கம் நின்றார்? ஹன்சார்டில் நாமே தேடும் முறை

தேர்தல் பேச்சு கிளம்பியதும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்ற ஆரம்பிக்கும். ஒரு ஒய்பியின், அதாவது நாடாளுமன்ற உறுப்பினரின் முகம், குறுக்கே சிவப்புக் கோடு, கீழே "இந்த மசோதாவை எதிர்த்து வாக்களித்தவர்" என்று பெரிய எழுத்து. மாமா அனுப்புவார், சித்தப்பா மறுப்பார், குழுவில் ஒரு வாரம் சண்டை ஓடும். நாடாளுமன்ற இணையத்தளத்தைத் திறந்து பார்த்தவர் அந்தக் குழுவில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்.

பார்ப்பது கடினமில்லை, காசும் கேட்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசிய மக்களவையில் பெரும்பாலான முடிவுகள் குரல் வாக்கில்தான் எடுக்கப்படுகின்றன. அப்போது யார் எந்தப் பக்கம் என்று பெயர் பதிவாவதில்லை. ஆகவே "இவருடைய மொத்த வாக்குப் பட்டியல்" என்று ஒரே பக்கத்தில் தயாராக எதுவும் கிடைக்கும் என எதிர்பார்க்க வேண்டாம். இருப்பதைத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். அதற்கான வழிதான் இது. நான் பினாங்குக்காரன், அதனால் உதாரணங்களை இங்கிருந்தே எடுக்கிறேன்.

படி 1: தொகுதியை உறுதி செய்யுங்கள்

தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டால் உங்கள் நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி இரண்டும் வரும். பினாங்கில் நாடாளுமன்றத் தொகுதிகள் 13, சட்டமன்றத் தொகுதிகள் 40. நமக்குத் தேவை முதலாவது. வீடு மாறியும் அட்டையில் பழைய முகவரியையே வைத்திருப்பவர்களுக்குப் பழைய தொகுதிதான் காட்டும். அது பிழையல்ல, நீங்கள் வாக்களிக்கப் போகும் இடமும் அதுதான். கோலாலம்பூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி: கூட்டரசுப் பிரதேசத்தில் சட்டமன்றம் கிடையாது, 11 நாடாளுமன்றத் தொகுதிகள் மட்டுமே.

படி 2: அன்றைக்கு அங்கே யார் இருந்தார்?

பலர் சறுக்குவது இங்கேதான். தஞ்சோங் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் 2022 வரை அங்கே சௌ கோன் யாவ். 19 நவம்பர் 2022 பொதுத் தேர்தலில் அவர் பத்து காவானுக்குப் போனார், தஞ்சோங்கில் லிம் ஹுய் யிங் வென்றார். பத்து காவானில் அதற்கு முன் இருந்தவர் கஸ்தூரி பட்டு. எனவே 2019-ல் "தஞ்சோங்" செய்ததை இன்றைய தஞ்சோங் உறுப்பினர் தலையில் கட்டக்கூடாது. ஆளையும் தொகுதியையும் தேதியோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஹன்சார்டைத் திறங்கள்

அவையில் பேசப்பட்டதன் முழு எழுத்துப் பதிவுக்குப் பெயர் ஹன்சார்டு. மலாயில் பென்யாத்தா ரஸ்மி. நாடாளுமன்ற இணையத்தளத்தில் மக்களவைப் பகுதிக்குள் போனால் எத்தனையாவது நாடாளுமன்றம், எந்தத் தவணை, எந்தக் கூட்டம், எந்தத் தேதி என்று அடுக்கடுக்காகத் திறக்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பிடிஎஃப். தேதி தெரியாவிட்டால் மசோதாவின் பெயரைச் செய்தித் தளங்களில் தேடி, நிறைவேறிய நாளை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சில நூறு பக்கங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், யாரும் முழுதாகப் படிப்பதில்லை. கணினியில் கன்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தித் தேடுங்கள். ஆளின் பெயரைவிடத் தொகுதியின் பெயரைப் போடுவது நல்லது, ஏனென்றால் அவையில் ஒருவரை ஒருவர் "யாங் பெர்ஹோர்மாட் ஜெலுத்தோங்" (மாண்புமிகு ஜெலுத்தோங்) என்று தொகுதிப் பெயரால்தான் அழைப்பார்கள். அவர் பேசிய இடங்களை மட்டும் வேண்டுமென்றால் தொகுதிப் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பேசுபவரின் பெயருக்குப் பக்கத்தில் அப்படித்தான் அச்சாகியிருக்கும். ஜெலுத்தோங்கில் இது பெரிய உதவி. ஆர்.எஸ்.என். ராயரின் தொகுதிப் பெயர் மற்றவர்கள் வாயிலும் அடிக்கடி விழும்.

படி 4: குரல் வாக்கா, பெலா பஹாகியானா?

மெதுவாகப் படிக்க வேண்டிய இடம் இது.

விவாதம் முடிந்ததும் சபாநாயகர் ஆதரிப்பவர்களைக் கேட்பார், எதிர்ப்பவர்களைக் கேட்பார், எந்தச் சத்தம் பெரிது என்று பார்த்து முடிவைச் சொல்வார். ஹன்சார்டில் "டிசெத்துஜுக்கான்" (ஏற்கப்பட்டது) என்ற சொல்லோடு ஒரு வரி மட்டும் இருக்கும். பெயர்கள் கிடையாது. 2022 டிசம்பர் 19-ல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் மீதான நம்பிக்கைத் தீர்மானம்கூடக் குரல் வாக்கில்தான் நிறைவேறியது.

முடிவை ஏற்காதவர்கள் எழுந்து நிற்கலாம். குறைந்தது 15 பேர் எழுந்தால்தான் ஒவ்வொருவராக எண்ணும் வாக்கெடுப்பு நடக்கும். அதுதான் பெலா பஹாகியான். தேடல் பெட்டியில் இந்தச் சொல்லைப் போடுங்கள். அகப்பட்டால் அதையொட்டி எண்ணிக்கையையும் பெயர்ப் பட்டியலையும் தேடுங்கள்.

இந்த 15 என்ற எண் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு 2021-க்கான பட்ஜெட் நல்ல உதாரணம். 2020 நவம்பர் 26, கொள்கை நிலை வாக்கெடுப்பு. எழுந்தவர்கள் 13 பேர்தான். இரண்டு பேர் குறைந்ததால் பெலா பஹாகியான் நடக்கவில்லை, குரல் வாக்கில் பட்ஜெட் கடந்தது. அதே பட்ஜெட் டிசம்பர் 15-ல் மூன்றாம் வாசிப்புக்கு, அதாவது அவையின் இறுதிக் கட்டத்துக்கு வந்தபோது எண்ணினார்கள்: ஆதரவு 111, எதிர்ப்பு 108. நவம்பரில் நாற்காலியை விட்டு அசையாத எதிர்க்கட்சியினர் பெரும்பாலோர் டிசம்பரில் எதிர்த்தார்கள். ஒரே ஆளைப் பற்றி "பட்ஜெட்டுக்கு வழிவிட்டவர்" என்றும் படம் போடலாம், "பட்ஜெட்டை எதிர்த்தவர்" என்றும் போடலாம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். அதனால் ஒரு மசோதாவுக்கு ஒரே தேதியோடு நிறுத்தாதீர்கள். எந்த வாசிப்பு, எந்த நிலை என்றும் பாருங்கள்.

நவம்பர் 26 போன்ற நாட்களில் யார் எழுந்தார் என்று பார்க்க வீடியோதான் வழி. நாடாளுமன்றத்தின் யூடியூப் நேரலைப் பதிவுகளில் தேடிப் பாருங்கள், கேமரா எல்லா நாற்காலிகளையும் காட்டாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு.

படி 5: வராதவர்கள், வாக்களிக்காதவர்கள்

மக்களவையில் 222 பேர். அரசியலமைப்பைத் திருத்த மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 வாக்கு வேண்டும். வந்தவர்களில் அல்ல, மொத்தத்தில். 2019 ஏப்ரல் 9-ல் சபா, சரவாக் நிலை பற்றிய திருத்தத்துக்கு 138 பேர் ஆதரவு தந்தார்கள், 59 பேர் வாக்களிக்காமல் இருந்தார்கள். திருத்தம் தோற்றது. "நாங்கள் எதிர்க்கவே இல்லையே" என்று அந்த 59 பேரும் சொல்லலாம், சொல்லில் குற்றமில்லை. விளைவு மட்டும் எதிர்த்ததற்குச் சமம்.

எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியவற்றில் பார்க்க வேண்டியது வேறு. 2019 ஜூலை 16-ல் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய திருத்தத்துக்கு 211 பேர். 2022 ஜூலை 28-ல் கட்சித் தாவலைத் தடுக்கும் திருத்தத்துக்கு 209 பேர். இங்கே கேள்வி, உங்கள் ஒய்பி அன்று அவையில் இருந்தாரா என்பதுதான். ஹன்சார்டில் வந்தவர், வராதவர் பட்டியல் இருக்கும். கூட்ட விதி 91-ன் கீழ் வராதவர்கள் தனியாக இருப்பார்கள். பட்டியலில் பெயர் இருப்பதால் வாக்கெடுப்பு நேரத்திலும் உள்ளே இருந்தார் என்று ஆகிவிடாது. காலையில் முகம் காட்டிவிட்டுப் போனவரும் வந்தவர்தான்.

படி 6: பேச்சும் கேள்வியும்

குரல் வாக்கில் போன மசோதாவுக்கு மிஞ்சும் உறுதியான சான்று விவாதப் பேச்சு. 2023 ஏப்ரல் 3-ல் கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் மசோதா மக்களவையில் குரல் வாக்கில்தான் நிறைவேறியது. ஆனால் புக்கிட் குளுகோர் உறுப்பினர் ராம்கர்ப்பால் சிங் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே வராது. துணை அமைச்சராக அதைத் தாக்கல் செய்து பேசியவரே அவர். உங்கள் உறுப்பினர் விவாதத்தில் பேசியிருந்தால் "ஆதரிக்கிறேன்" என்று எழுந்து பாதி நேரம் குறை சொன்னாரா என்பதையும் படியுங்கள். நம் அவையில் இது சாதாரணமாக நடக்கும்.

வாய்மொழிக் கேள்விகளையும் எழுத்துக் கேள்விகளையும் தேடும்போது எஸ்ஜேகேடி (தமிழ்ப்பள்ளி), மித்ரா (இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவு) போன்ற சொற்களைப் போட்டுப் பாருங்கள். மேடையில் தமிழ்ப்பள்ளி பற்றி முழங்குபவர் அவையில் ஒரு கேள்வியாவது கேட்டாரா என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அமைச்சர்களும் துணை அமைச்சர்களும் கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை, பதில் சொல்லும் இடத்தில் இருக்கிறார்கள். 2022 தேர்தலுக்குப் பின் துணைக் கல்வி அமைச்சரான லிம் ஹுய் யிங்கின் பெயரில் அக்காலத்தில் கேள்விகள் இல்லையே என்று யாராவது கேட்டால் காரணம் அதுதான். அவரைப் பதில்களில் தேடுங்கள்.

படி 7: வெளியே சொன்னதை அருகில் வையுங்கள்

முகநூல் பதிவு, பத்திரிகை அறிக்கை, டிக்டாக் பேச்சு எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். வெட்டிய வீடியோவை ஹன்சார்டோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம். கட்சிக் கொறடாவின் கட்டளையும் நினைவில் இருக்கட்டும். அமைச்சரவையில் இருப்பவர்கள் அதன் முடிவுக்குக் கூட்டாகப் பொறுப்பானவர்கள். ஒருவர் வாக்கில் கட்சியைத்தான் பார்க்கிறோம், பேச்சில்தான் ஆள் கொஞ்சம் தெரிவார் என்பது என் கருத்து.

சேர்த்ததை எல்லாம் ஒரு எக்செல் தாளிலோ பள்ளிக் கொப்பியிலோ எழுதுங்கள்: தேதி, மசோதா, எந்த வாசிப்பு, குரலா எண்ணிக்கையா, வந்தாரா, என்ன சொன்னார், ஹன்சார்டில் எந்தப் பக்கம். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். வெறுமையான கட்டங்கள் நான்கைந்து சேர்ந்தால் அந்தப் பக்க எண்களோடு ஒய்பியின் சேவை மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "நீங்கள் ஆதரவா எதிர்ப்பா" என்று பொதுவாகக் கேட்டால் வாழ்த்து அட்டை போல ஒரு பதில் வரும். "இந்தத் தேதியில், இந்தத் தீர்மானத்துக்கு, பெலா பஹாகியான் கேட்டு எழுந்தவர்களில் நீங்கள் இருந்தீர்களா?" என்று கேளுங்கள்.