மலச்சிக்கல் தீர்ந்த விதம்

உடம்பிலுள்ள நச்சை நீக்கி ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி டீடாக்ஸ் பொடிகளை விற்கிறார்கள். ஆனால் அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. எனக்குத் தகராறு குடலில்தான். வயிறு எப்போதும் உப்புசமாகவே இருக்கும். டீடாக்ஸ் பொடி எதுவும் நான் வாங்கவில்லை. பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் சாப்பாட்டில் அதில் பாதிகூட இருந்திருக்காது. அதனால் மதியம் கீரை, வாழைத்தண்டுப் பொரியல், இரவில் சோற்றுக்குப் பதில் கம்பு தோசை என்று மாற்றினேன். ஆரம்பத்தில் வாயு கூடியது. நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் அப்படித்தான் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். படுக்கும் முன் வெந்நீரில் கடுக்காய்ப் பொடி. அந்தத் துவர்ப்பு நாக்கை இழுக்கும், ஆனாலும் காலையில் சிரமமில்லை. கர்ப்பிணிகளுக்குக் கடுக்காய் வேண்டாம். அப்புறம், மலத்தில் ரத்தம் தெரிந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.